ஜிப் எங்கே கிடைக்கும்?

"ஜிப் எங்க கிடைக்கும்?" என்று கேட்டவளிடம், "தெரியாதும்மா" என்றாள் பொத்தான் கடைக்காரி.

பத்தடி தள்ளி, நேர் எதிரே, ஜிப் கடை இருந்தது.

இரண்டு கடைக்காரிகளும் ஒரு காலத்தில் பெரிய துணிக்கடை ஒன்றில் ஒரே கவுண்ட்டரில் நின்றவர்கள். ஒரே குடை, ஒரே டிபன் பாக்ஸ். இவள் கிள்ள, அவள் சிரிக்க, முதலாளியிடம் ரெண்டு பேருக்கும் சேர்த்தே திட்டு விழும். எவ்வளவு நல்ல நாட்கள்! பொத்தான் உனக்கு, ஜிப் எனக்கு என்று பேசி வைத்துத்தான் எதிரெதிரே கடை போட்டார்கள்.

அப்புறம், யார் போர்டு பெரிசு என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிப்பதில்லை.

இப்போது பொத்தான் கடைக்காரி தானும் ஜிப் வாங்கிப் போடப் போகிறாள். மொத்தக்கடையில் சொல்லியாகிவிட்டது. அவள் ஈ ஓட்டட்டும்.

சின்னக் கடை நடத்தும் பெண்களுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வாரம் ஒரு நாள் வந்தார். கடையை விட்டு நகர முடியாதவர்கள் என்று, மத்தியானம் தெரு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அதே தெருவில் ஒரு தையல்கடை உள்ளறையிலேயே வகுப்பு. எழுத்து வேலை கிடையாது, எல்லாம் பேச்சுதான். இவர்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். அந்த வாரம் ஒரு வேலை கொடுத்தார். கடைக்கு வருகிறவர்களிடம், யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்டாள்.

"எதிர்க்கடை அக்காதான். பொத்தான்னா கண்ணை மூடிட்டு இங்க வரலாம்னு சொன்னாங்க."

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். வாரக் கடைசியில் எதிரே நிமிர்ந்து பார்க்கவே இவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

அடுத்த வகுப்பில் மென்று முழுங்கிச் சொன்னாள். "எதிர்க்கடையிலேர்ந்துதான் நிறைய பேரை அனுப்பறாங்க, டீச்சர்."

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ஜிப் கடைக்காரி பக்கம் திரும்பி, "உங்க கடைக்கு?" என்றார்.

தெருவே உட்கார்ந்திருக்கிறது. இவள் ஒரு ஆளைக்கூட அங்கே அனுப்பியதில்லையே.

ஜிப் கடைக்காரி இவளை ஒரு முறை பார்த்தாள்.

"எனக்கும் அப்படித்தான், டீச்சர். இவதான் அனுப்பறா."

எல்லோரும் கை தட்டினார்கள். இவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைக்கு வந்ததும் மொத்தக்கடைக்கு போன் போட்டு, ஜிப் வேண்டாம் என்றாள். சாயந்திரம் ஒரு பெண் வந்து ஜிப் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

"ஜிப்னா கண்ணை மூடிட்டு எதிர்க்கடைக்குப் போம்மா. நான் அனுப்பினேன்னு சொல்லு."

சிநேகிதி சொன்ன பொய், பொழுது சாய்வதற்குள் நிஜமாகிவிட்டது.