எறும்பு செதுக்கிய கல்

"இது நிலத்துல கிடைச்ச கல் இல்ல, மிஸ்டர் டான்ஸ்லி. எங்க வாங்கினீங்க?"

ரொவீனா உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கீழே வைத்தாள். மண்ணில் கிடைக்கும் பழம்பொருள்களைப் பார்த்து இன்னதென்று சொல்வதற்காக, இங்கிலாந்தின் அந்த நார்ஃபோக் அருங்காட்சியகத்தில் அவளுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். பொய்யை மோப்பம் பிடிப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான் என்பது அவள் நினைப்பு.

எட்மண்ட் டான்ஸ்லியின் முகம் சுண்டிப்போனது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயரானவர். ரெண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் மெட்டல் டிடெக்டரும் கையுமாக ஹெஸ்டர் அம்மாளின் பார்லி வயலை அளந்துகொண்டிருந்தார். கிடைத்ததெல்லாம் பீர் டின் மூடியும் டிராக்டர் போல்ட்டும்தான். அதையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, "இது ரோமானியர் காலமா பாரேன்ம்மா" என்று ஆசையாக நீட்டுவார்.

"வாங்கினேனா? நேத்து என் கையால தோண்டி எடுத்தேன்ம்மா!"

"உங்க மெஷின் கல்லுக்கெல்லாம் சத்தம் போடாதே?"

"கல்லுக்கு எங்க போட்டுது? இதுக்குப் போட்டுது." சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். தைக்கும்போது விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி மூடி. "உள்ள மண் அடைச்சிருந்தது. அலசினேன், கல்லு பொத்துனு விழுந்தது. எனக்குக் கைகாலே ஓடலை!"

கல் என்னவோ அசல்தான். பட்டாணி அளவில் நல்ல சிவப்பு. அதில் ஓர் எறும்பு, வாயில் கோதுமை மணியோடு. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு ரோமானியன் மோதிரத்தில் பதித்துக்கொள்ளச் செதுக்க வைத்தது. இவ்வளவு அழகான வேலைப்பாடு ரொவீனாவின் மேஜைக்கு வந்ததே இல்லை. அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

"மூடி, உங்க பாட்டன் காலத்துது. கல், ரோமானியர் காலத்துது. ரெண்டும் எப்படி ஒண்ணா சேர்ந்துச்சு? பின்பக்கம் பாருங்க, நகைக்கடைப் பசை. ரோமானியன் இந்தப் பசையைக் கண்டானா?"

டான்ஸ்லி குனிந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியலைம்மா. ஆனா ஊரை ஏமாத்தணும்னு எனக்கென்ன தலையெழுத்து? எப்பவோ வாழ்ந்த ஒரு மனுஷன் ஆசையா போட்டுக்கிட்ட பொருளை, ஒரே ஒரு தடவை மண்ணுலேர்ந்து நானே எடுக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு அலைச்சல். எங்க டிடெக்டர் கிளப்புல புது நிலம் பார்த்திருக்காங்க, நேத்தோட இந்த வயலுக்கு முழுக்குப் போடுறதா இருந்தேன். ஹெஸ்டர்கிட்டயும் போன வாரமே சொல்லிட்டேன். பார்த்தா, கடைசி நாள்ல கிடைக்குது!"

"அதென்னமோ, கரெக்டா கடைசி நாள்லதான் கிடைக்குதாக்கும்!" என்றாள் ரொவீனா. "நிலத்துக்காரங்களை வரச் சொல்றேன். அப்புறம் உங்க கிளப்புக்கும் எழுதத்தான் போறேன்."

"எழுதினா ஒருத்தனும் என் மூஞ்சியில முழிக்க மாட்டான்மா."

"அதை முன்னாலேயே யோசிச்சிருக்கணும். வெளியில உட்காருங்க."

மதியம் ஹெஸ்டர் அம்மாள் வந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கம்பளி உறை. டான்ஸ்லியைத் தாண்டி வரும்போது அவர் தலை நிமிரவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"மேடம், உங்க வயல்ல எடுத்ததா அவர் கதை விடுறார். எங்கேயோ வாங்கிட்டு வந்து..."

"அவரா?" ஹெஸ்டர் குறுக்கிட்டாள். "அவருக்குப் பொய் சொல்ல வராதும்மா. ஞாயித்துக்கிழமையானா என் அடுப்படியில உட்கார்ந்து, டீயைக் குடிச்சுக்கிட்டே அன்னிக்குக் கிடைச்ச போல்ட்டையெல்லாம் மேஜைமேல பரப்பி வச்சு ஒவ்வொண்ணா விளக்கம் சொல்லுவார். சீட்டாட்டத்துலகூட, நல்ல சீட்டு வந்தா சிரிச்சுக் காட்டிக்கொடுத்துடுற மனுஷன்."

"நல்ல மனுஷனாவே இருக்கட்டும். பசை எப்படி வந்தது? எனக்கு அதுக்குப் பதில் வேணும். இல்லேன்னா எழுதத்தான் வேணும்."

ஹெஸ்டர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனாக அவர் உட்கார்ந்திருந்தார்.

"எழுதாதேம்மா. அவர்கிட்டயும் சொல்லிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இடது கை உறையை மெல்லக் கழற்றினாள். விரலில் பழைய தங்க மோதிரம். நடுவில் கல் இருக்கவேண்டிய இடம் வெறும் குழியாக இருந்தது.

"என் வீட்டுக்காரர் எனக்குப் போட்டுவிட்டது. அந்த வெள்ளி மூடியும் என்னுதுதான். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு." கதவுப் பக்கம் கைகாட்டினாள். "போன வாரம் இவர், 'இந்த வயல்ல ஒண்ணுமே இல்ல ஹெஸ்டர், இனிமே வரமாட்டேன்'னுட்டார். 'நான் இருக்கேனே'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலைம்மா."