பிரிக்காத ஓட்டுத்தையல்

கையை வைத்ததுமே டோரீனுக்குத் தெரிந்துவிட்டது, அது தன் தையல்.

நல்ல கம்பளித் துணி என்றால் அவள் கை தானாகப் போய்விடும். அப்படித்தான் இதன் மேலும் போனது. ஆண்கள் போடும் பெரிய கோட்டைப் பிரித்து, தோளைக் குறுக்கி, இடுப்பைப் பிடித்து, உள்ளே மஞ்சள் பட்டில் லைனிங் கொடுத்துப் பெண்பிள்ளைக்கு ஆக்கிய கோட். அந்த மஞ்சள் பட்டும் யாரோ போட்டுக் கழித்த இரவு அங்கிதான். இரண்டையும் இதே கடையில்தான் வாங்கியிருந்தாள். தானமாக வந்த துணிகளை விற்கும் கடைகளில், கடலோர ஊரான இந்த ஸ்கார்பரோவில் அவள் ஏறி இறங்காதது கிடையாது. ஆனாலும் நல்லது கிடைப்பது இங்கேதான்.

தைத்து முடிக்கக் குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. மார்ச் மாதம் மகள் ஹேசலின் பிறந்தநாளுக்கு, அவள் வேலை பார்க்கும் கடலில்லாத லீட்ஸ் நகரத்துக்குப் பார்சல் அனுப்பினாள். தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவதாக ஹேசல் போனில் சொல்லியிருந்தாள்.

டோரீன் கோட்டின் பைக்குள் கை விட்டுப் பார்த்தாள். கை போகவில்லை. பார்சலில் பையின் வாய் பிளந்துகொள்ளக் கூடாதே என்று அவள் போட்டிருந்த ஓட்டுத்தையல் அப்படியே இருந்தது. நூலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். அதைக்கூட யாரும் இழுக்கவில்லை.

சுருக்கென்றது.

ஆனால் பெற்ற மனசு சும்மா இருக்குமா? உடனே சமாதானம் தேட ஆரம்பித்தது. உடம்பு பெருத்திருப்பாள். அம்மா வருத்தப்படுவாளே என்று சொல்லாமல் விட்டிருப்பாள். லீட்ஸில் ஏதோ ஒரு கடையில் கொடுத்திருப்பாள். ஒரு ஊரில் விலைபோகாததை வேனில் ஏற்றி அடுத்த ஊர்க் கடைக்கு அனுப்புவது இவர்கள் வழக்கம்தானே. சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கல்லாவில் பாலீன் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்து கடையைப் பார்த்துக்கொள்பவள். இந்த ஊரில் டோரீனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஜீவன். அவளிடம் ஒரே ஒரு தொல்லை. பொண்ணு வந்தாளா, பொண்ணு வந்தாளா என்று வாராவாரம் கேட்டுவிடுவாள். டோரீனும் ஆபீஸ் வேலை, ரயில் ஓடவில்லை, ஜலதோஷம் என்று எதையாவது சொல்லிவைப்பாள். ஹேசல் அம்மா வீட்டு வாசலை மிதித்து இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. இந்தக் கோடையில் கட்டாயம் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் டோரீன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது வேன்ல வந்ததா?" என்று முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"இந்த வாரம் வேன் எங்க வந்துச்சு? காலைல ஒரு பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு கண்ணு."

பாலீனுக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நல்ல கலகலப்பான பெண்ணாம். சினேகிதிகளோடு கடற்கரையில் வீடெடுத்து ஒரு வாரம் தங்கியிருந்ததாம். இன்றைக்குக் காலி பண்ணிக் கிளம்புகிறார்களாம். காரில் பெட்டி வைக்க இடமில்லை, இது ரொம்ப நாளாகப் பின்னால் கிடக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனதாம். காருக்குள் ஒரு குட்டை நாய் வேறு. அதன் பேர் பிக்கிளாம். நாய்க்கு வைக்கிற பேரா அது என்று பாலீன் சிரித்தாள்.

அந்த நாயின் போட்டோ டோரீனின் சமையலறை அலமாரியில் ஒட்டியிருக்கிறது. ஹேசல் அனுப்பியது. அம்மா எந்தக் கடைக்குப் போகிறாள் என்றுதான் ஹேசல் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வாரம். கடற்கரையிலிருந்து ஒரு மேடு ஏறினால் டோரீனின் வீடு.

போன ஞாயிற்றுக்கிழமை ஹேசல் போனில் பேசும்போது கடற்காகங்கள் கத்திக்கொண்டே இருந்தன. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, லீட்ஸை விட்டு நகர முடியவில்லை என்று அவள் சொன்னதே சரியாகக் காதில் விழவில்லை. தன் வீட்டுக் கூரையில்தான் கத்துகின்றன என்று டோரீன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். சாத்திய பிறகும் கத்தின.

பாலீன் கோட்டைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். உனக்காகத்தான் முதல் வேலையாக வெளியே மாட்டினேன், உன் கையில் கிடைத்தால் ஆளே அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவாயே, எடுத்துக்கொண்டு போ என்றாள். இதில் மாற்ற ஒன்றுமில்லை என்றாள் டோரீன்.

கோட்டை வாங்கி ஹேங்கரில் மாட்டினாள். காலரை நீவிவிட்டாள். பொத்தான்களைப் போட்டு, உள்ளே வருகிறவர் கண்ணில் படும்படி முன்வரிசையில் தொங்கவிட்டாள். யாராவது போட்டுக்கொள்ளட்டும்.

"அது கெடக்கட்டும். உன் பொண்ணு வந்தாளா இல்லியா? பெத்தவள இப்படியா தனியா விட்டுவைக்கிறது?" என்றாள் பாலீன்.

இந்த வாரத்துக்கென்று ஒரு சாக்கு தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல டோரீனுக்கு வாய் வரவில்லை.

"வந்தா" என்றாள். "ஒரு வாரம் இருந்துட்டு இன்னிக்குக் காலைலதான் கெளம்பிப் போனா."