சிவப்பு முகமூடி யார்?

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்த பழைய புத்தகக் கடைக்காரர், வாயைத் திறப்பதற்கு முன் பையைத் திறந்தார். டாக்டர் தேடித் தரச் சொல்லியிருந்த, நாளிதழ் அகலத்துக்கு ஒரு காமிக்ஸ் வெளியே வந்தது.

டாக்டர் துள்ளினார். "இதேதாங்க! விரிச்சா தரையில குப்புறப் படுத்துதான் படிக்கணும், அவ்வளவு பெரிசு. சின்ன வயசுல நான் முடிக்கறதுக்குள்ள கடைசித் தாளை யாரோ கிழிச்சுட்டாங்க. சிவப்பு முகமூடி யாருன்னு தெரியாமலே தலை நரைச்சுப்போச்சு."

நேராகக் கடைசிக்குப் போனார். தாள் இல்லை. சந்தேகத்தோடு முதல் பக்கத்தைப் புரட்டினார். இளவரசிக்குப் பேனாவால் மீசை. அவரே வரைந்ததுதான்!

உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நம்ம பெரிய காமிக்ஸே கிடைச்சிருக்கு! கடைசித் தாளைக் கிழிச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"நான்தான்டா. அவ்வளவு பெரிய தாள் வேற எங்க கிடைக்கும்? உன் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன்."

"அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதுக்குச் சொல்லணும்? சோப்பு விளம்பரத்தை வெளியில விட்டு, அவன் முகமூடியைக் கழட்டற படம் உள்மடிப்புல தெரியற மாதிரிதான் மடிச்சேன். புத்தகத்தைத் திறந்ததும் நீ பார்த்துக் குதிப்பேன்னு நினைச்சேன். வருஷம் முழுக்க உன் பையிலதானே கிடந்துச்சு!"

"கணக்குப் புத்தகமா..." என்று இழுத்தார் டாக்டர்.

"டேய்... ஒரு நாள்கூடவா திறக்கல?"