ஊதாத் தடம்

"எம்மா, என் படத்துல ஊதாவை யாரு பூசினது?"

"நான் ஏன்ட்டி அதைத் தொடுதேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் பார்வதியம்மாள்.

அபிதாவுக்கு அழுகை முட்டியது. நாளைக் காலையில் படம் மதுரைக்குப் போயாக வேண்டும். அவளுடைய முதல் கண்காட்சி. பேஸ்டல் வண்ணக்கட்டியால் அவள் வரைவதெல்லாம் வீட்டுக்குள் நடப்பவைதான். பிள்ளைக்கு ஈரத்தலை துவட்டுவது, கோபித்துக்கொண்டு முதுகு காட்டிப் படுப்பது. அத்தனையிலும் இந்தப் படம்தான் அவளுக்கு உயிர். கீழ்வீட்டில் குடியிருக்கும் ராஜதுரை, மனைவி முத்துத்தாய்க்குப் பின்னால் நின்று பிச்சிப்பூ வைத்துவிடுகிறான். மாடியிலிருந்து பார்த்து அப்படியே வரைந்தாள்.

அந்த முத்துத்தாயின் மேல்தான் கறை. முந்தாநாள் மணிக்கட்டில், நேற்று தோளில், இன்று கழுத்தில். ரப்பரால் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டும் பார்த்துவிட்டாள். ஊதாக் கட்டியோ உறைகூடப் பிரிக்காமல் பெட்டியில் கிடந்தது.

"எம்மா, எனக்குப் பயமா இருக்கு."

பார்வதியம்மாள் வந்து உற்றுப் பார்த்தாள். "படை மாதிரில்லா இருக்கு! கோமதியம்மன் புத்துமண்ணைக் கொழைச்சுப் பூசு. மேலுக்கு வந்ததே போவுது, காயிதத்துக்கு வந்தது போவாதா?"

சங்கரன்கோவிலில் உடம்புக்கு எது வந்தாலும் புற்றுமண்தான். படத்துக்குமா? அபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

கீழே ஒரு பைக் வந்து நின்றது. பனவடலிசத்திரத்திலிருந்து முத்துத்தாயின் அண்ணன் வந்திருப்பான்போல.

அம்மா குழைத்துக் கொடுத்த மண்ணைத் தொட்டு அபிதா படத்தின் மணிக்கட்டில், தோளில், கழுத்தில் பூசினாள். தாள் வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல்காரர் தோலைத் தொட்டதுபோல. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்ணெதிரிலேயே கறை வெளுத்து மறைந்தது.

"போயிட்டும்மா! சுத்தமாப் போயிட்டு!"

கீழே யாரோ கத்தினார்கள். பைக் உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது.

சற்று நேரத்தில் முத்துத்தாய் மாடியேறி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தான்க்கா. இவரு அடிக்குததைச் சொல்லி நாந்தான் வரச்சொன்னேன். தடத்தைக் காட்டுன்னான். காட்டுதேன், ஒண்ணையும் காணும்! காலையில கண்ணாடியில பாத்தேன்க்கா, கழுத்தெல்லாம் ஊதாவாக் கன்னிப்போயிக் கெடந்துச்சு. பொய் சொல்லுதேன்னு திட்டிட்டுப் போயிட்டான்."

அவள் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஓரமாகக் காய்ந்த புற்றுமண் மட்டும் ஒட்டியிருந்தது.

கீழேயிருந்து ராஜதுரை கூப்பிட்டான், குரலில் தேன் ஒழுக.

"முத்துத்தாயி, கீழ வாட்டி. பூ வச்சுவிடுதேன்."