இலை போட்ட குடம்

குடத்தின் சூடு சும்மாட்டைத் தாண்டி அவள் உச்சந்தலையில் இறங்கியது.

முகத்தைச் சுளிக்கவில்லை. தண்ணீர் சுமப்பவள் முகம் சுளிக்க மாட்டாள்.

தளும்பாமலிருக்க மேலே இலை போட்டிருந்தாள். அங்கே எல்லாப் பெண்களும் போடுவதுதான்.

உச்சி வெயில். இந்த வெயிலில் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த நேரத்தில் வந்தாள்.

வயல் நடுவில் ஐந்து குச்சிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பருத்தி விதை. போர்த்துகீசிய அதிகாரி தன் கையாலேயே ஊன்றிவிட்டுப் போனது.

ஊர்ப் பெண்கள் விதைத்தது எதுவும் முளைக்கவில்லை. எல்லோரும் அவன் கொடுத்த பருத்தி விதையை அவித்துவிட்டுத்தான் விதைத்தார்கள். மண் சரியில்லை என்று சொன்னார்கள். அவன் நம்பவில்லை.

அவன் விதை, அவன் கை, பத்து நாள் கெடு. காவலுக்கு ஒரு சிப்பாய். வயல்காரி தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும்.

ஆறிய தண்ணீர் என்று அவன் சொல்லவில்லை.

முளைத்தால் ஊர் முழுக்கப் பருத்தி. சாப்பாட்டுக்கு மரவள்ளி நட இடம் இருக்காது.

லூரியோ ஆற்றுக்கு அக்கரையில் போன வருடம் முளைத்தது. அவளுடைய அக்கா அங்கே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தாள்.

சிப்பாய் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். அவனும் இந்த நாட்டுக்காரன்தான், வடக்கே எங்கோ. சட்டை கொடுத்திருந்தார்கள், துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். செருப்பு கொடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவன் எதுவும் கேட்கவில்லை. இது மூன்றாவது நாள்.

"ஏய், தண்ணி குடு."

கேட்டவருக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. எதிரி கேட்டாலும் குடத்தை இறக்க வேண்டும். இறக்க மறுத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இறக்கினாள்.

அவன் இலையை ஒதுக்கிவிட்டுக் கையை விட்டான்.

விட்ட வேகத்தில் எடுத்தான். உதறினான். விரல்களை வாயில் வைத்துக்கொண்டான்.

குடத்தைப் பார்த்தான். ஐந்து குச்சிகளையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் துப்பாக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விலகிக்கிடந்த இலையை எடுத்து மறுபடி தண்ணீர் மேல் போட்டான்.

"பாத்து ஊத்துக்கா. கால்ல பட்டுடப் போகுது."

மரத்தடிக்குத் திரும்பிப் போனான். வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தண்ணீர் குடிக்காமலே.

அவள் ஐந்துக்கும் ஊற்றினாள். கடைசிக் குச்சிக்குக் கொஞ்சம் அதிகமாகவே போனது.

மறுநாள் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

இடுப்புக் குடத்தை முதலில் மரத்தடியில் இறக்கினாள். அதில் இலை இல்லை. வெளிப்புறம் முழுக்க வியர்த்திருந்தது.