மூக்கு நுனியில் ஒரு தட்டு

டாக்டரம்மா மூன்று மாதக் குழந்தையின் மூக்கு நுனியை விரலால் மெல்லத் தட்டுகிறார். பிஞ்சு உடம்பு தூக்கிவாரிப் போட்டு, தலை பின்னால் வளைந்து, கட்டையாக விறைத்துப்போகிறது. ஜன்னல் வெளிச்சம் விழும் அந்த மார்பையே அம்மா பார்க்கிறாள். அது ஏறவில்லை, இறங்கவில்லை. போன தடவை இங்கே கற்றுக்கொண்டபடி அவள் குழந்தையின் பிடரியைப் பிடித்து, தலையையும் முழங்கால்களையும் வயிற்றுப் பக்கம் சேர்த்து மடக்குகிறாள். ஒரு விக்கலோடு மூச்சு திரும்புகிறது. "மத்த குழந்தைங்களுக்கு நாலு தட்டுல பழகிடும். இவனுக்குப் பழகவே மாட்டேங்குது. இது வலிப்பு இல்லம்மா, திடுக்கிடுறதை நரம்பால அடக்க முடியல. மருந்து இருக்கு. ஆனா பரம்பரையா வர்றது. உங்க வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" "யாருக்கும் இல்ல டாக்டர்." வீட்டில் சத்தம் வரக் கூடாதென்று கதவுத் தாழ்ப்பாளுக்குக்கூடத் துணி சுற்றி வைத்திருப்பவள் அவள். வெளியே யாரோ இரும்பு வாளியைத் தடாலென்று வைக்கிறார்கள். குழந்தை விறைக்கிறது. பக்கத்து நாற்காலியில் கணவன் எகிறிக் குதிக்க, கையிலிருந்த பால் புட்டி தரையில் உருள்கிறது. அவன் வழக்கம்போல அசடு வழிகிறான். குழந்தையை மடக்கிப் பிடித்து, மூச்சு வந்ததும் அவள் சொல்கிறாள்: "இவர் சின்னதுலேருந்தே இப்படித்தான் டாக்டர். வீட்டுல எல்லாரும் தவக்களைன்னுதான் கூப்பிடுவாங்க." டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வருகிறார். அவர் விரல் கணவனின் மூக்கை நெருங்குகிறது. ஒரு கையால் குழந்தையை அணைத்திருப்பவளின் மறு கை, தானாகவே கணவனின் பிடரிக்குப் போகிறது.