மணலடித்த படம்

தோகாஷி கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஸ்கேன் வளையத்துக்குள் படுத்திருந்தார்.

எண்பத்தொரு வயதில் தோள்பட்டை அதற்கு இசையவில்லை. சனியன் பிடித்த தோள் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது பதிவு செய்த பெண் குரல்.

ஊசி வழியாக மருந்து இறங்கியது. தொண்டையிலிருந்து தொடைவரை வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு சூடு. வளையம் சுழன்று நின்றது. மூச்சு விடலாம் என்றது அதே குரல்.

இதுதான் கடைசி. வரும்போதே முடிவு செய்துவிட்டார்.

வயிற்றுக்குள் பெருந்தமனி ஓரிடத்தில் வீங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வீக்கத்தை அளக்க வேண்டும். மனைவி போனபிறகு இந்த அளவெல்லாம் யாருக்காக என்று அவருக்கு விளங்கவில்லை. அவருடைய ஊரான சகாதாவில் தனியாக இருக்கும் கிழவர்கள் செய்வதைப்போல அவரும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒழித்துவிட்டார். அவளுடைய சோற்றுக் குக்கர்கூடப் போய்விட்டது. பழைய மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவை மூடிவிட்டதால் இந்தப் புது இடத்துக்குப் பனியில் இரண்டு பேருந்து மாறி வர வேண்டியிருக்கிறது. இனி வரமாட்டேன் என்று இன்றைக்கு டாக்டரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்திரத்தை இயக்கும் பெண் குனிந்த தலை நிமிராமல் அடுத்தவரின் விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்காலியில் தோகாஷியும் ஓர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தவர்தான். செந்தாய் நகரத்தில் அதுதான் அவருடைய பிழைப்பு.

எக்ஸ்ரே கதிரின் அளவைக் கூட்டினால் ரத்தக்குழாய் பேனாவால் வரைந்ததுபோல் பளிச்சென்று தெரியும். குறைத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மணலடிக்கும். ஆனால் கதிர் செய்கிற கெடுதல் தலைகாட்ட இருபது வருடமாவது ஆகும். அதனால் இளவட்டங்களுக்குக் கதிரைக் குறைத்து, மணலைப் பொறுத்துக்கொள்வார்கள். கிழடுகளுக்கு அந்தக் கவலை கிடையாது.

"பெரியவருக்குச் சுத்தப் பிரதியாப் போட்டுடு" என்பார்கள் அறையில். அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இவருக்கு இருபது வருடம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

டாக்டர் நீநுமா நல்ல பையன். திரையைத் தோகாஷியின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

படம் முழுக்க மணல்.

தோகாஷிக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன வேலை இது, நானாக இருந்தால் இப்படி ஒரு படத்தை வெளியே விட்டிருப்பேனா என்று வாயைத் திறக்கப் போனார். அப்போதுதான் உறைத்தது.

அவருக்காகக் கதிரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் குனிந்த தலைக்காரி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இந்த மனுஷன் இன்னும் இருபது வருடம் இருப்பான், இவன் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.  தோகாஷியை வைத்து நாளை, மறுநாள் என்று யாரும் எதையும் யோசித்து ரொம்பக் காலமாகிவிட்டது.

"வீக்கம் வளந்த மாதிரி தெரியல" என்றார் நீநுமா, மூக்கைத் திரையில் ஒட்டாத குறையாக. "ஆனா ஓரம் சரியாப் பிடிபட மாட்டேங்குது."

தொழில் பழக்கம், தோகாஷியின் கண் தானாகப் படத்தின் மூலைக்குப் போனது. பெயர் சரி. ஆண், அதுவும் சரி.

வயது: 018.

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பேரரசர் மாறினால் ஆண்டுக் கணக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும் ஊர் இது. ஷோவா ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டில் பிறந்தவரை, வரவேற்பில் யாரோ அடுத்து வந்த ஹெய்செய் ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டில் பிறக்க வைத்துவிட்டார்கள். அறுபத்து மூன்று வருடம் ஒரே தட்டலில் போய்விட்டது. வயதைப் பார்த்துக் கதிரின் அளவை எந்திரமே போட்டுக்கொள்கிற காலம். யாரும் எந்தக் கணக்கும் போடவில்லை. அந்தப் பெண் அவர் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

"இன்னொரு தடவை எடுத்துடலாமா ஐயா?" என்றார் டாக்டர். மூலையை அவர் பார்க்கவே இல்லை. "நல்லாக் கூட்டி வச்சு எடுக்கச் சொல்றேன். உங்க வயசுக்குப் பரவால்ல."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு தவறைத் தோகாஷி ஒருநாளும் தப்ப விட்டதில்லை.

"வேணாம் டாக்டர். ஆறு மாசம் கழிச்சு வர்றப்பப் பாத்துக்கலாம்" என்றார். "எல்லாக் கதிரையும் இப்பவே வாங்கிக்கிட்டா எப்படி? இன்னும் ரொம்ப வருஷம் வரணும்ல."